வைரமுடி ஸ்டோர், படிக்குக் கீழ் அறை

ஆடி 1, வியாழன்

பொன்மணி இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் என்ன செய்தேன், என்ன ஞாபகம் வந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதுமாம். நான் மன்னார்குடியில் மூன்றாம் கிளாஸ் வரை படித்தவள். நாலாம் கிளாஸுக்கு அனுப்ப விடாதவள் என் சித்தி. அம்மா போன பிறகு வந்தவள். அவள் அதை அப்பாவிடம் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை, புளி கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். எழுபது வருஷம் ஆகிவிட்டது. மறக்கவில்லை.

திருவல்லிக்கேணியில் இந்த ஸ்டோருக்குக் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரே குழாய், கீழே ஆறு குடித்தனம், மேலே ஐந்து. ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். என் ஆத்துக்காரரும் போய்விட்டார். ஸ்டோர் சொந்தக்காரனின் பேரன்கள் கட்டடத்தை ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள். டிரஸ்டு இடிக்கவில்லை. சுண்ணாம்பு பூசி, ஓடு மாற்றி, மியூசியம் ஆக்குகிறது. சும்மா மியூசியம் இல்லை, ஆள் குடியிருக்கிற மியூசியமாம். அந்த ஆள் நான். ஆயுசு வரைக்கும் ஐந்தாம் நம்பரில் இருந்துகொள்ளலாம். அதற்குப் பதிலாகப் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை, வருகிறவர்களோடு பேச வேண்டும், அவர்கள் பார்க்க அம்மியில் அரைக்க வேண்டும். நான் மிக்ஸி வாங்கி இருபத்தேழு வருஷம் ஆகிறது. அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, வேஷ்டியைப் போட்டு மூடியிருக்கிறேன்.

ஆடி 3, சனி

பொன்மணி திண்டிவனத்துப் பெண். முப்பது வயதிருக்கும். பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். என்னை அறை அறையாக அழைத்துக்கொண்டு போனாள். ஒன்றாம் நம்பரில் ஊஞ்சல் கொக்கி கிழக்குப் பக்கம் என்றேன். சுவரைச் சுரண்டிப் பார்த்தார்கள், இருந்தது. மூன்றாம் நம்பருக்குப் பச்சை அடித்திருந்தார்கள். பச்சை இல்லை, நீலம் கலந்த சுண்ணாம்பு என்றேன். குழாயடியில் பதினொரு குடம் எந்த வரிசையில் நிற்கும் என்று கேட்டாள். சொன்னேன். யார் யாருடைய குடத்தைக் காலால் நகர்த்தினார்கள் என்றும் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளவில்லை.

வாசலில் மாட்ட ஒரு பலகை செய்து வந்திருக்கிறது. ‘ஒரே குடும்பம்போல் வாழ்ந்த பதினொரு குடித்தனங்கள்’ என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழாம் நம்பர்க்காரி என் கொடியில் உலர்ந்த புடவையைச் சேற்றில் தள்ளியதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையைத் திறந்தார்கள். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. ஜன்னல் கிடையாது. இது என்ன பாட்டி என்றாள். விறகு போடுகிற இடம், பூரான் வரும், மூடிவிடு என்றேன். எழுதிக்கொண்டாள்.

ஆடி 6, செவ்வாய்

மோர்மிளகாய் காயவில்லை. மேகம்.

ஆடி 9, வெள்ளி

பொன்மணி வந்து எதிரில் உட்கார்ந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்: “விறகுன்னு சொன்னீங்களே பாட்டி.”

நாலாம் நம்பரில் இருந்த கோமளவல்லியை எங்கேயோ தேடிப் பிடித்துப் போனில் பேசியிருக்கிறாள். அவள் இப்போது நங்கநல்லூரில் பெண்ணோடு இருக்கிறாளாம். மாதாமாதம் பெண்கள் மூன்று நாள் வெளியில் உட்காருகிற அறை அது என்று சொல்லிவிட்டாள்.

விறகும் இருந்தது என்றேன். பொய் இல்லை. பின்னால் விறகும் இருந்தது.

அது போகட்டும். திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்ற அவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஸ்டோரில் குடியிருந்தவர்களில் அவள்தான் மூத்தவளாம். என்னைவிடப் பதினொரு மாசம் மூத்தவள், அவ்வளவுதான். அறுபது வருஷமாக இந்த வாசலைப் பெருக்குகிறவள் நான். வருஷம் ஏழுகூட இங்கே இல்லாதவள் வந்து விளக்கேற்றுவாள். ஐம்பத்து நாலு வருஷமாக அவளோடு எனக்குப் பேச்சு இல்லை என்று பொன்மணியிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ரசத்தில் உப்புப் போட மறந்துபோனேன்.

ஆடி 10, சனி

ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் ஒரு பொத்தான் வைக்கிறார்கள். அழுத்தினால் அந்த அறையின் கதையை என் குரல் சொல்லும். இன்றைக்குப் படிக்குக் கீழ் அறைக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

பத்மாசனி என் ஆத்துக்காரரின் தங்கை. பப்பி என்போம். பத்தொன்பது வயது. பம்பாயில் வேலை பார்க்கிற பையனுக்குக் கொடுத்திருந்தது. ஐப்பசியில் தீபாவளிக்கு வந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை தானாகவே போய் அந்த அறையில் உட்கார்ந்தாள். மூன்று மாசம் குளிக்காமல் இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாள் தள்ளி வந்திருக்கிறது என்று அவளே நினைத்திருப்பாள். கர்ப்பம் கலைகிறது என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? வெளியில் உட்கார்ந்தவளை யாரும் தொட மாட்டார்கள், கிட்டப் போக மாட்டார்கள். தட்டும் சொம்பும் எட்ட வைப்பதுதான்.

வியாழக்கிழமை என் மாமனார் திவசம். நான் மடிப் புடவையில் அடுக்களையில் இருந்தேன். மடியில் இருப்பவள் தொடக் கூடாததைத் தொட்டால் மறுபடி தலைக்குக் குளித்து, வேறு மடி கட்டி, சமைத்ததையெல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கோமளவல்லி குழாயடியில் இருந்தாள். அவளுக்கு மடியும் இல்லை, ஒன்றும் இல்லை. கேட்டும் கேட்காத மாதிரி குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பிட்ட பிராமணர்கள் போன பிறகு பார்த்தால் பப்பிக்கு உயிர் இல்லை. கீழே விரித்திருந்த சாக்கு காலையிலேயே நனைந்துபோயிருந்தது.

இதுதான் சொன்னேன். பொன்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐம்பத்து நாலு வருஷமாக எல்லோரிடமும் சொன்னதுதானே. குரல் பிடிக்கிற கருவியை நிறுத்திவிட்டு, காலையிலேயே நனைஞ்சிருந்ததுன்னு எப்படித் தெரியும் பாட்டி என்று கேட்டாள்.

பார்த்தாலே தெரியாதா என்றேன்.

ஆடி 14, புதன்

டிரஸ்டு செக்ரடரி வந்தார். நல்ல மனிதர்தான், காலில் விழுந்து சேவித்தார். உள்ளே பழைய சிவப்புத் தரை, செருப்போடு நடக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். செருப்பு விட இடம் வேண்டும். படிக்குக் கீழ் அறை தோதாக இருக்கிறது, ஒரு இரும்பு அலமாரி போட்டுவிடலாம் என்றார்.

மூடிவிடு என்று நானே சொன்ன அறை. ஆனாலும் செருப்பு என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பு எரிந்தது. பொன்மணி விடவில்லை. என் குரலைப் போட்டுக் காட்டினாள். இந்தக் கட்டடத்தில் சொல்ல வேண்டிய கதை இதுதான் சார் என்றாள். அவர் யோசித்துவிட்டு, சரி பார்க்கலாம், ஆனால் ஒருத்தர் பெயரைச் சொல்லிக் குறை சொல்கிறது, அவர் உயிரோடு இருக்கிறார், அவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடு என்றார்.

நான் பொன்மணியைத் தனியாகக் கூப்பிட்டு, பெயரை வெட்டிவிடேன் என்றேன். “பேரை வெட்டினா யாரோ ஒருத்தர்னு ஆயிடும் பாட்டி. நீங்கதானே அவங்க பேரைச் சொல்லியே ஆகணும்னீங்க” என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஆடி 19, திங்கள்

முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது. நாளைக்குக் கோமளவல்லி வருகிறாளாம்.

ஆடி 20, செவ்வாய்

வந்தாள். நாலு கால் தடியை ஊன்றிக்கொண்டு, காதில் மிஷினோடு. உயரம் பாதியாகிவிட்டது. பெண் கார் நிறுத்தப் போனாள். முற்றத்தில் உட்காரவைத்து, என் குரலைப் போட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு முழுக்கக் கேட்டாள். நான் கம்பி அழிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

முடிந்ததும், “அவ சொன்னபடியே இருக்கட்டும்மா. என் பேரோடயே போடுங்கோ” என்றாள். கையெழுத்துக்குப் பேப்பர் எடுத்து வரப் பொன்மணி உள்ளே போனாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான்.

என்னைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நீ சொம்போட அங்கேர்ந்துதான் வந்துண்டிருந்தே, செங்கமலம். நான் கேட்டேன், பப்பி கூப்பிடறாளேடி, போய்ப் பாக்கட்டுமான்னு. ஒண்ணுமில்லை, இடுப்புவலி, எப்பவும் வரதுதான்னே. அவளைத் தொட்டுட்டு வந்து குழாயைத் தொடாதே, இன்னிக்குத் திவசம்னே.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“யார்கிட்ட சொல்றது? உன் மாமியார் அன்னிக்கே உன்னை வாசல்ல நிறுத்தியிருப்பா. இடுப்புல ஒரு குழந்தை வேற. மன்னார்குடில உனக்கு யார் இருந்தா? எனக்கு வேற வீடு பாக்க ஆத்துக்காரர் இருந்தார்.”

பேப்பர் வந்தது. கையெழுத்துப் போட்டாள். கோணாமல், அழகாக. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்.

ஆடி 21, வியாழன்

தேதி தப்பு. 21 புதன். நேற்றைக்கு எழுதவில்லை. இன்றைக்குத்தான் வியாழன். எனக்குத் தேதி தப்பியதே இல்லை.

ஆடி 23, வெள்ளி

அவளுக்கு ஞாபகம் பிசகு, வயதாகிவிட்டது, காதும் கேட்கவில்லை என்று இந்த நோட்டில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

தண்ணீர் பிடித்தேன். துணி மடித்தேன். பெருமாளுக்குத் துளசி வாங்க மறந்துவிட்டது.

ஆடி 25, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எட்டரை மணி இருக்கும். மன்னி என்று கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் எழுந்தேன். தீர்த்தம் கேட்கிறாள் என்று சொம்பில் தண்ணீர் எடுத்துப் போய், எட்ட வைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்திருந்தாள். சாக்கைத் தாண்டி வாசல் கல் வரைக்கும் வந்திருந்தது. அத்தனை ஆகுமா, எனக்கும் தெரியாதா, நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தானே. உதடு வெளுத்திருந்தது.

“மன்னி, கொஞ்சம் கையைக் கொடேன். எழுந்துக்க முடியலை” என்றாள்.

நான் என் புடவையைப் பார்த்தேன். ஈரம் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. விடியற்காலம் பிழிந்து உலர்த்திய மடி. பிராமணர்கள் பதினொரு மணிக்கு வருவார்கள். எள் வறுத்தாகிவிட்டது, தயிர் கடைந்தாகிவிட்டது. போன வருஷத் திவசத்தில் பாகற்காயில் காரம் போதவில்லை என்று மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு வருஷம் பூராவும் இருந்தது. இந்தத் தடவை ஒரு குறையும் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்துகொண்டிருந்தேன்.

“அவா சாப்பிட்டு எழுந்துக்கட்டும் பப்பி, வந்துடறேன்” என்றேன்.

சரி மன்னி என்றாள். அவள் சரி என்றுதான் சொன்னாள்.

திரும்பி வரும்போது கோமளம் குழாயடியில் கேட்டாள். அவள் சொன்னதுபோலத்தான் பதில் சொன்னேன். அவள் போய்ப் பார்த்தால் நான் பார்த்தது தெரிந்துவிடும் என்று அப்போதே எனக்குத் தோன்றியதா என்று இத்தனை நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். தோன்றியது.

திவசம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. காக்காய்கூட உடனே வந்து எடுத்தது. மாமியார் அன்றைக்கு என்னைப் புகழ்ந்தாள். ஒரு மணிக்கு நான் சாதத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனதும், காலையில் யாருமே அந்தப் பக்கம் போகவில்லையா என்று மாமியார் கேட்டாள். கோமளம் குழாயடியில் இருந்தாளே என்று சொன்னேன். முதலில் அவ்வளவுதான் சொன்னேன். மீதியை மற்றவர்கள் சேர்த்தார்கள். அடுத்த வாரம் குழாயடியில் யாரும் கோமளத்தின் குடத்துக்குப் பக்கத்தில் குடம் வைக்கவில்லை. தை பிறந்ததும் அவர்கள் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். அவள் வண்டி ஏறும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கப்புறம் அவளைத் திட்டித் திட்டித்தான் அந்தப் படியைத் தாண்டிப் போக முடிந்தது.

பொன்மணியைக் கூப்பிட்டு, பழையதை அழி, இதைப் பிடித்துக்கொள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். போகும்போது, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

ஆடி 28, புதன்

இரும்பு அலமாரி வந்துவிட்டது. முப்பத்தாறு ஜோடி வைக்கலாமாம்.

செக்ரடரி புதுசைக் கேட்டிருக்கிறார். குழந்தை குட்டியோடு பார்க்க வருகிறவர்களுக்கு இதையா போடுவது, அதுவும் அங்கேயே குடியிருக்கிற பெரியவரே செய்தார் என்றா என்று கேட்டிருக்கிறார். என்னிடமும் வந்து கைகூப்பிச் சொன்னார்: “மாமி, உங்களுக்குத்தான் சங்கடம். விட்டுடுங்கோ. இங்க இருக்கறது மனசுக்குக் கஷ்டமா இருந்தா, பிள்ளை ஆத்துக்குப் போறேன்னு சொல்லுங்கோ, டிரஸ்டு ஒண்ணும் சொல்லாது.”

வந்தவர்களிடம் இதை நான் பேசினால் அறையைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று அர்த்தம். மூன்றாம் கிளாஸ் படிப்புக்கு அது போதும். சாயங்காலமே ஸ்ரீவத்ஸன் பெரும்பாக்கத்திலிருந்து போன் பண்ணினான். என் பிள்ளை. அம்மா, நம்மாத்துல ரெண்டு ரூம்தான், உனக்கே தெரியும், அங்க வாயை வச்சுண்டு சும்மா இரேன் என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. அவன் பெண்டாட்டி பேசச் சொல்லிக்கொடுத்ததுதான்.

பொன்மணி அறை வாசலில் நின்றுகொண்டு, நான் என்ன பண்ணட்டும் பாட்டி என்றாள். நீ உன் வேலையைக் காப்பாற்றிக்கொள் என்றேன்.

ஆவணி 1, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு விழா. நாகஸ்வரம், மாலை, சந்தனம். கோமளம் விளக்கேற்றினாள். திரி அணைந்தது, மறுபடி ஏற்றினாள். செக்ரடரி பேசினார். ஒரே குடும்பம்போல் என்று அவரும் சொன்னார்.

நான் ஐந்தாம் நம்பரில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. அம்மியை அங்கேயே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்குக் கீழ் அறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். செருப்பு விடுவதற்கு எல்லோரும் அங்கேதானே வந்தாக வேண்டும்.

முதலில் வந்தவர்கள் ஒரு அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். நான் சொன்னேன்: “இங்க ஒரு பொண்ணு செத்துப்போனா. பேர் பத்மாசனி. பத்தொம்பது வயசு. என்னைத்தான் கூப்பிட்டா. நான் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன்.”

அந்த அப்பா, கிழவிக்கு மூளை சரியில்லை என்று நினைத்து, செருப்பை அலமாரியில் வைத்துவிட்டுப் பெண்களை இழுத்துக்கொண்டு போனார். அடுத்து வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். ஒருவன் சிரித்தான். இதுவும் மியூசியத்தில் ஒரு நாடகம் என்று நினைத்தானோ என்னவோ. நான் ஒவ்வொருத்தருக்கும் அதையே சொன்னேன். தொண்டை வறண்டது. நாற்பது வயதில் ஒரு அம்மாள், நைலக்ஸ் புடவை, கையில் செருப்போடு நின்று முழுக்கக் கேட்டாள். நீங்க ஏன் தொடலை என்றாள். புடவை மடியா இருந்தது என்றேன். அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றேன். அவள் அலமாரியில் அதுவரை வந்தவர்கள் வைத்திருந்த ஜோடிகளையெல்லாம் தன்னுடையதோடு சேர்த்து எடுத்துக்கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் வந்தவர்கள் வாசலில் செருப்புக் கிடப்பதைப் பார்த்து அங்கேயே விட்டார்கள். ஆனாலும் சிலர் என்னைக் கேட்பதற்கென்றே அறைப் பக்கம் வந்தார்கள்.

செக்ரடரி ஒரு மணிக்கு வந்து நின்றார். எல்லோர் எதிரிலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாளைக் காலை என்னோடு பேச வேண்டுமாம். பேசட்டும். டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டேன், மிக்ஸியையும் துணி சுற்றி.

கோமளம் போகும்போது என் நாற்காலிக்கு எதிரில் தடியை ஊன்றி நின்றாள். நான் சொல்வதை நாலைந்து தடவை கேட்டிருக்கிறாள்.

“இத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா? எனக்கு அந்தப் பழி பழகியே போச்சு” என்றாள்.

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“நான் ஒண்ணுமில்லைன்னு சொன்னா, நீ நம்பிடுவியா? குடத்தைக் கீழ வச்சுட்டு ரெண்டு எட்டு வந்து பாத்திருக்கக் கூடாதா?”

அவள் பெண், என்ன பேசறேள் மாமி என்று சண்டைக்கு வந்தாள். கோமளம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து அந்த அறைக்குள்ளே பார்த்தாள். காலி அலமாரிக்குப் பின்னால் இருட்டாக இருந்தது.

“பாத்திருக்கணும்” என்றாள்.

ஐம்பத்து நாலு வருஷமாக அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வர வேண்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது. எனக்கு ஆறவில்லை. எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். நின்றுகொண்டே அடுத்து வந்தவர்களுக்குச் சொன்னேன்.